ஒன்பது ஆசனம், தொண்ணூறு தூண்

அவர் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு புள்ளியைப் பற்றிப் புகார் சொல்ல. இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து முடிவுகள் வந்திருந்த வாரம். புதிய நாடாளுமன்றத்தின் அமைப்பை எங்கள் பத்திரிகையில் படமாகப் போட்டிருந்தோம். அரைவட்டமாக அடுக்கிய புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு உறுப்பினர். கட்சிக்கு ஒரு நிறம். அவர் சின்னக்கானலிலிருந்து பஸ் பிடித்து மூணாறுக்கு வந்து, அந்தப் பக்கத்தை என் மேசையில் விரித்து, மூடிய பேனாவின் முனையால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இருநூற்றிருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றிருபத்துநான்கு இருந்தன.

"விட்டுப்போனது ஒரு ஆள்தானே தம்பி," என்றார். "ஒரு ஆளை எப்படி விடுவீங்க?"

நான் எண்ணினேன். அவர் சொன்னது சரி. மறுநாள் திருத்தம் போட்டோம். இப்படி ஒரு வாசகர் கிடைத்தாரே என்று அன்று எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு ஞாபகம் இருப்பதால்தான் பின்னால் நடந்ததை எழுதும்போது கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒல்லியான ஆள். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் ஒரு சிறிய நோட்டும். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டுவார். பஸ்ஸில் ஏறியதும் உட்காருவதற்கு முன் ஆட்களை எண்ணுவார்; உதடு அசையும். சின்னக்கானலில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேற்பார்வை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அங்கேயே வேலை பார்த்த மகனுக்குக் கொடுத்திருந்த வரிசை வீட்டில் இருந்தார். முன்னறைச் சுவரில் சாமி படங்களுக்கு நேர் எதிரே காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு தேர்தல், ஒரு அரைவட்டம், ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த இருநூற்றிருபத்தைந்து புள்ளிகள். அவருடைய படங்களில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவர் பிறந்தது இலங்கை மலையகத்துத் தோட்டம் ஒன்றில். எந்த நாட்டிலும் ஓட்டு இல்லாத குடும்பம். இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு இருபது வயது. தங்கை அங்கேயே தங்கிவிட்டார். பிறகு அங்கிருந்தவர்களுக்குக் குடியுரிமை வந்தது, ஓட்டு வந்தது, மலையகத் தமிழர்கள் சிலர் நாடாளுமன்றத்துக்குள்ளும் போனார்கள். கட்சிக்கு விழுந்த வாக்கின் அளவுக்கு ஆசனம் என்கிற முறை இருந்ததால்தான் போக முடிந்தது என்பது அவருடைய முடிவு. அதை அவர் ஒரு தெய்வ நம்பிக்கை போலவே வைத்திருந்தார்.

சாயாக்கடையில் அவருக்குப் பெயர் 'பார்லிமெண்ட்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

"ஏன் பார்லிமெண்ட் அண்ணாச்சி, அந்த ஊர் கதையே சொல்லுதீகளே, நம்ம ஊர் எலெக்சனப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டீகளா?" என்று டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்பார்.

"இது எலெக்சனா? ஓட்டப்பந்தயம். ஒரு வாக்குல முந்தினவனுக்கு முழுத் தொகுதியும். தோத்தவனுக்கு விழுந்த வாக்கெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போச்சு?"

"அதைத்தானே நானும் கேக்கிறேன்."

"டீ ஆறுது. அது எங்கயும் போவாது, குடிங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை என்று எழுதினால் மிகையாகும். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் மீதியில்லாமல் வகுபட்ட ஒரு கணக்குக்காக.

தன் மகள் கல்யாணத்தைப் பற்றி அவரே என்னிடம் சொன்னார், தன் நேர்மைக்குச் சான்றாக. போடியில் மண்டபம். முதல் பந்திக்கு நாற்பத்தெட்டு இலை. மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர், பெண் வீட்டார் எத்தனை பேர் என்று வாசலில் நின்று எண்ணி, அந்த விகிதத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு இருபது இலை ஒதுக்கியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாய்மாமன் இருபத்தோராவது ஆள்.

"ஏங்க, பொண்ணு குடுக்குதீகளா, தொகுதி பிரிக்குதீகளா?" என்று தாய்மாமன் கேட்டிருக்கிறார்.

"அடுத்த பந்தியில முதல் இலை உங்களுக்குத்தான்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். மகள் நெடுநாள் அப்பாவிடம் பேசவில்லை. "கணக்கு சரியாத்தானே இருந்துச்சு" என்று என்னிடம் சொல்லி முடித்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது கல்யாணக் கதையால் அல்ல. வேலியால்.

அந்த எஸ்டேட்டில் நான்கு லயங்கள், அதாவது வரிசை வீடுகளாகக் கட்டிய நான்கு குடியிருப்புகள். பேக்டரி லயம், கீழ் லயம், பங்களா லயம், மேல் லயம். முதலாவதுதான் பெரியது. பதினான்கு வீடுகள் மட்டும் உள்ள மேல் லயம், கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரக்காட்டை ஒட்டி இருந்தது. காட்டிலிருந்து இறங்கும் யானை முதலில் பார்ப்பது அந்த வீடுகளைத்தான். யானை விஷயங்களைக் கவனிக்க ஜாக்ரதா சமிதி என்று ஊர்க்காவல் குழு ஒன்று உண்டு. லயத்துக்கு ஒருவர் என்று நான்கு பேர் பேக்டரி வராந்தாவில் கூடிப் பேசுவார்கள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார். "அறுபது வீட்டுக்கும் ஒரு ஆள். பதினாலு வீட்டுக்கும் ஒரு ஆள். இது நியாயமா?"

பெரிய லயத்துக்காரர்களுக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. கை தூக்கினார்கள். இனி சமிதிக்கு ஒன்பது ஆசனம், லயத்துக்கு ஒரு பட்டியல், விழுகிற வாக்கின் விகிதப்படி ஆசனம் என்று முடிவாயிற்று. விதிகளை அவர்தான் எழுதினார். இலங்கையில் ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்குக்குக் கீழே வாங்கும் கட்சிக்கு ஆசனம் கிடையாது. சின்ன இடத்துக்கு ஐந்து போதாது என்று சொல்லி, அவர் வெட்டுப்புள்ளியைப் பத்தாக வைத்தார். அதையும் படித்துக் காட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணி வரை. வாக்குப்பெட்டி, மூடியில் கீறல் போட்ட ஒரு பிஸ்கட் டப்பா. கொழுந்து கொழிக்கும் மாதம் என்பதால் அன்றும் தேயிலைக் காட்டில் வேலை இருந்தது. மேல் லயத்துப் பெண்கள் நான்கு பேர் கொழுந்து எடை போட்டுவிட்டு ஓடி வந்தபோது அவர் டப்பாவைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார். நான்கு பேரில் முன்னால் நின்றவர் பேச்சியம்மா. மேல் லயத்தில் காட்டோரக் கடைசி வீட்டுக்காரர். அங்கே நடந்த பேச்சைப் பேச்சியம்மாவும் சொன்னார், இவரும் சொன்னார். இரண்டும் வார்த்தை மாறாமல் ஒன்றாக இருந்தன.

"மணி நாலு பத்து, தங்கச்சி."

"எடை போடாம சாக்க நடுக்காட்டுல போட்டுட்டா வர முடியும் அண்ணாச்சி?"

"நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"டப்பாவ இன்னும் தெறக்கலல்லா? போட்டா என்ன?"

"மூடியாச்சு."

"பிஸ்கட் டப்பாவுக்கு வந்த வாழ்வப் பாருங்கடி" என்று பேச்சியம்மா தன் கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மொத்தம் விழுந்தது முந்நூற்றிருபது வாக்கு. அதில் பத்தில் ஒரு பங்கு முப்பத்திரண்டு. மேல் லயத்துக்கு விழுந்தது இருபத்தொன்பது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே. பேக்டரி லயத்துக்கு நான்கு ஆசனம், கீழ் லயத்துக்கு மூன்று, பங்களா லயத்துக்கு இரண்டு.

பின்னால் நான் அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். திருப்பி அனுப்பிய நான்கு வாக்கும் சேர்ந்திருந்தால் மேல் லயத்துக்கு ஒரு ஆசனம் கிடைத்திருக்கும். அவர் குடியிருந்த பங்களா லயத்துக்கு இரண்டு ஒன்றாகக் குறைந்திருக்கும். குறைந்திருக்கும் அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். இதை அவரிடம் கேட்டேன்.

"தெரியும் தம்பி. ஆனா நாலு மணிக்கு எனக்கு அது தெரியாதுதானே. பெட்டியை அப்புறந்தான் திறந்தேன்."

அதுவும் உண்மை. இரண்டு வாரம் விசாரித்தேன். அவர் ஒரு வாக்கைக்கூட மாற்றவில்லை. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஒரு பொய்யாவது அகப்பட்டிருந்தால் அவரைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் பஞ்சாயத்து வழியாக சூரிய மின்வேலிக்கான சாமான்கள் வந்தன. கம்பி, பேட்டரி, தொண்ணூறு இரும்புத் தூண். எங்கே நடுவது என்று சமிதி முடிவு செய்ய வேண்டும். காட்டு வாட்சர் ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். மலையாளி, தமிழும் பேசுவார்.

"ஆனை எறங்குற வழி ஒண்ணுதான் சாரே" என்றார். "மேல் லயத்துக்குப் பின்னாடி, கிராண்டிஸ் ஓரம். தொண்ணூறையும் அங்க வரிசையா நட்டா மதி, அது போதும். நாலு லயத்துக்கும் ஆகும்."

இவர் நோட்டைத் திறந்தார். "மேல் லயத்துக்கு ஆசனம் இல்ல. ஆசனமே இல்லாத இடத்துல தொண்ணூறு தூணையும் கொண்டுபோய் நட்டா, ஆசனம் வாங்கின மத்த மூணு லயமும் என்ன கேக்கும்?"

"ஆனைக்கு வோட்டு இல்லல்லோ சாரே" என்றார் வாட்சர்.

ஒன்பது ஆசனம், தொண்ணூறு தூண். ஆசனத்துக்குப் பத்து. நான் அவர் சிரிப்பைப் பார்த்த இரண்டாவது தடவை அது. பேக்டரி லயத்துக்கு நாற்பது, கீழ் லயத்துக்கு முப்பது, பங்களா லயத்துக்கு இருபது. எந்த லயத்தையும் முழுதாகச் சுற்றிவர அது போதாது. ஆகவே ஒவ்வொரு லயத்தின் மலைப்பக்கத்திலும் பிறைநிலா போல வளைந்த ஒரு வேலி வந்தது; மறுபக்கம் திறந்து கிடந்தது. மேலே ரோட்டிலிருந்து பார்த்தபோது அந்த மூன்று வளைவுகளும் அவர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் போலவே இருந்தன. மேல் லயத்துக்கு ஒரு தூண்கூட இல்லை.

அதே சமயத்தில்தான் இலங்கையில் அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. முடிவு வந்த மறுநாள் வேலியைப் பற்றிக் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிய காலண்டர் தாளில் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் ஸ்கெட்ச் பேனா வாசனை. தங்கையிடமிருந்து போன் வந்தது. கை மையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நாங்க போட்ட லிஸ்ட்டுக்கு ஒண்ணும் வரல."

"எத்தனை வீதம்?"

"நாலுன்னு சொல்றாங்க."

"அப்ப சரி. அஞ்சுக்குக் கீழதானே."

"தோட்டத்துல முக்காவாசிப் பேரு அதுக்குத்தான் போட்டோம் அண்ணே. அந்த வாக்கெல்லாம்?"

"மொத்தத்துல இருந்து கழிச்சிடுவாங்க. கழிச்சிட்டுத்தான் ஆசனக் கணக்கே ஆரம்பிக்கும்."

"நாங்க இருக்கோந்தானே அண்ணே?" என்றார் தங்கை.

அவர் ஒரு பச்சைப் புள்ளியை முடித்துவிட்டு, "கணக்கு சரியா வந்திருக்கு" என்றார்.

சாயாக்கடையில் அவர் கேட்ட கேள்வி, தோற்றவனுக்கு விழுந்த வாக்கு எங்கே போச்சு என்ற கேள்வி, எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

யானை ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தது. பனி விலகவில்லை. பேச்சியம்மாவின் கணவர் இரண்டு வாளியோடு குழாயடிக்குப் போனவர், குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றதைப் பாறை என்று நினைத்திருக்கிறார். உயிர் தப்பியது. இடது கால் நசுங்கிவிட்டது. கோட்டயம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். யானை அதோடு நிற்கவில்லை. கீழே இறங்கி, பேக்டரி லயத்து வேலியின் முனை வரைக்கும் நடந்து, முனையைச் சுற்றி உள்ளே போய் வாழைகளைத் தின்றது. பிறகு பங்களா லயத்து வேலியின் முனையையும் அதேபோல் சுற்றிக்கொண்டு போயிற்று. கால்தடங்களை வாட்சரோடு சேர்ந்து நான் பார்த்தேன். கம்பியில் அது உரசக்கூட இல்லை.

கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவர் பார்க்கப் போனார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிப் போயிருந்தார். நானும் இருந்தேன். பேச்சியம்மா உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க பார்லிமெண்ட் அண்ணாச்சி. ஒரு சந்தேகம் இருக்கு. எம் புருசனுக்கு இப்ப ஒரு காலுதான். அடுத்த எலெக்சன்ல அவுகளுக்கு முழு ஓட்டா, அர ஓட்டா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

இப்படி ஒருவர் கேட்டால் தலையைக் குனிவார்கள், அல்லது கோபப்படுவார்கள். அவர் யோசித்தார்.

"முழு வாக்குதான், தங்கச்சி. ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு."

பேச்சியம்மா அவரையே பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "சரி, அது கெடக்கட்டும். குழாயடிகிட்ட நடுகதுக்கு ஒரு நாலு தூணு குடுங்க. தண்ணி எடுக்கப் போகணும்லா" என்றார்.

"தீர்மானத்துல இடமில்லையே. அடுத்த சமிதி வரட்டும். இந்தத் தடவை நேரத்தோட வந்து போடுங்க."

கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சியம்மா ஆரஞ்சுப் பையை எடுத்து இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் லயத்துப் பெண்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். மொத்தம் பதினோரு பேர். வாட்சர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார். பிறகு கிராண்டிஸ் ஓரம் போய் எங்கெங்கே குழி தோண்ட வேண்டும் என்று காலால் கோடு கிழித்தார். பங்களா லயத்துத் தூண்களிலிருந்து தொடங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. வாழை போனவர்களுக்கு இந்த வேலியின் லட்சணம் தெரிந்திருந்தது. பத்து மணிக்குக் கீழ் லயத்து ஆண்கள் சிலர் கைகொடுக்க வந்தார்கள். மதியம் பேக்டரி லயத்திலிருந்து பாலில்லாத கட்டன்சாயா வந்தது. தோளில் இரும்புத் தூணோடு பெண்கள் தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே வரிசையாக ஏறினார்கள். கொழுந்துச் சாக்கு சுமக்கிற அதே நடை.

அவர் போடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். புதுவேலி ஏறக்குறைய முடிந்திருந்தது.

"இது எந்த விகிதத்துல?" என்றார். "தீர்மானம் எங்க? யார் கையெழுத்து?"

பேச்சியம்மா கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். சேலை முழுதும் சேறு. "மணி என்ன அண்ணாச்சி?"

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கேட்டால் சரியாகச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "நாலு இருபது."

"நாலோட மூடியாச்சுல்லா. வீட்டுக்குப் போங்க."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்கிற வரை அவர் நின்றார். அப்புறமும் போகவில்லை. வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஒவ்வொரு தூணையும் மூடிய பேனாவால் ஒரு தட்டு. உதடு அசைந்துகொண்டிருந்தது.

செய்தி அடுத்த நாள் வந்தது. தொண்ணூறு தூண்களையும் பெண்கள் இடம் மாற்றி நட்டார்கள் என்று எழுதியிருந்தேன். காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, தப்பாப் போட்டிருக்கீங்க. எண்பத்தேழுதான் மேல போச்சு. மூணு வளைஞ்சுபோய் பங்களா லயத்துல கிடக்கு. நான் எண்ணிட்டேன்."

வாட்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எண்பத்தேழுதான். அவரைத் திரும்ப அழைத்து, திருத்தம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒன்று கேட்டேன்.

"மேல் லயத்துல எத்தனை பேர் இருக்காங்க?"

"முப்பத்திமூணு வாக்கு," என்றார் உடனே. "விழுந்தது இருபத்தொம்பது."

"வாக்கு இல்ல. ஆளு. பிள்ளைகளோட சேத்து."

நோட்டின் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. முன்னுக்கு ஒரு தடவை, பின்னுக்கு ஒரு தடவை.

"அந்தக் கணக்கு நான் எடுக்கல தம்பி," என்றார்.